வெர்னா ஸ்கோக்மோவின் ஆறு அத்தைமார்

வெர்னா ஸ்கோக்மோவுக்கு அப்பா வழியில் ஆறு அத்தைமார். ஆறு பேரும் எங்கள் ஆஸ்டர்லி ஊரைச் சுற்றியே வாழ்க்கைப்பட்டு, ஆளுக்கொரு பால்பண்ணையும் ஆளுக்கொரு அபிப்பிராயமுமாக இருப்பவர்கள். வெர்னாவின் அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவளை வளர்த்தது இந்த ஆறு பேர்தான். வாரத்துக்கு ஒரு அத்தை வீடு, ஏழாவது வாரம் அப்பாவிடம். இப்படி வீடு மாறி வீடு மாறி வளர்ந்ததில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு வழியில் ஒருமுறை போனால் போதும், மறக்கவே மாட்டாள். எந்த மேட்டில் திரும்ப வேண்டும், எந்த வேலியைத் தாண்டினால் நாய் வரும், எல்லாம் மனதில் ஏறிவிடும்.

பின்னே அவளைப் பள்ளிக்கூட பஸ் ஓட்டக் கூப்பிட்டதில் என்ன ஆச்சரியம்? பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறாள். எங்கள் விஸ்கான்சின் குளிரைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. பனி விழுந்து சாலையும் வயலும் ஒன்றாகிப் போன காலையிலும் நாற்பத்தொரு பிள்ளைகளை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய் இறக்கியவள் அவள், அவ்வளவுதான். சொந்தப் பிள்ளைகள் இல்லை. கணவன் ஆர்லோ பால் லாரி ஓட்டுகிறான். இரண்டு பேரும் வண்டியிலேயே இருப்பதால் சண்டை போட நேரமில்லை என்பாள்.

மெயின் தெருவில் இருக்கும் அந்தச் செங்கல் கட்டடம் என்னுடையது. பின்பக்கம் என் அடுப்படியும், மாவுக்குள் பழம் வைத்துச் சுடுகிற பழப் பை என்ற பண்டத்தை விற்கும் மேசையும். முன்பக்கம் செருப்புக் கடை இருந்தது. அது மூடிய பிறகு எண்பத்துநாலில் லோரன் ஹாகெலுண்ட் வாடகைக்கு வந்தான். கணக்கு வாத்தியாராக இருந்தவன். வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யப் போகிறேன் என்று மூன்று பெட்டிகளை இறக்கினான். அவன் அக்காள் கணவன் ஜீன் டோலெஃப்சன், முன்பு உழவு இயந்திரம் விற்றவன், இப்போது லோரன் செய்வதை ஊர் ஊராகப் போய்க் கடைகளில் விற்பான். கம்பெனி என்றால் இந்த இரண்டு பேர்தான்.

விளையாட்டின் பெயர் உப்புக் கோட்டை. எனக்கு எழுத்துத் தெரியாது, திரையில் வருவதையெல்லாம் வெர்னாதான் வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். ஆகவே எனக்குத் தெரிந்ததெல்லாம் காதால் தெரிந்தது. ஆறு பேர் பூமிக்கடியில் படி இறங்கிப் போகிறார்கள். முன்வரிசையில் மூன்று பேர் அடி வாங்கி அடி கொடுப்பார்கள். பின்வரிசையில் ஒருத்தி பிரார்த்தனை செய்து காயம் ஆற்றுவாள், ஒருத்தி மந்திரம் போடுவாள், ஒருத்தி பூட்டுத் திறப்பாள். மொத்தம் பத்துத் தளம். பத்தாவதில் உப்பு ராணி உட்கார்ந்திருக்கிறாள். மேலே ஒரு சத்திரம் உண்டு. அங்கே ஏறி வந்து படுத்தால்தான் போனது வந்தது பதிவாகும், தீர்ந்துபோன பிரார்த்தனையும் மந்திரமும் திரும்பி வரும். செத்தால் மட்டும் அந்த நிமிஷமே பதிவாகிவிடும். இதுதான் லோரனின் சட்டம். அவன் தாடியைச் சொறிந்துகொண்டே எழுதிய சட்டம்.

வெர்னா இதில் மாட்டிக்கொண்டது ஒரு பிப்ரவரி காலை. காலை ஓட்டம் முடிந்து, பஸ்ஸைப் பின்னால் நிறுத்திவிட்டு என்னிடம் காபிக்கு வந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் லோரன் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால், தான் செய்த நான்காம் தளத்தில் தானே வழி தெரியாமல் சுற்றுகிறான். கட்டம் போட்ட தாளில் அவன் வரைந்த வழி குறுக்கும் நெடுக்குமாகத் தன் மேலேயே ஏறிக் கிடந்தது. வெர்னா கோப்பையோடு அரைமணி நேரம் நின்று பார்த்தாள். பிறகு அந்த மூலையில் கால் வைத்தால் தரை உன்னைச் சத்தமில்லாமல் திருப்பிவிடுகிறது, நீ வடக்கே போவதாக நினைத்துக் கிழக்கே போகிறாய் என்றாள். லோரன் அப்படித்தான் எழுதியிருந்தான். எழுதியதை மறந்துவிட்டான். அன்றைக்கே அவளுக்கு வேலை கொடுத்தான். காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டேகால் வரை, பஸ் ஓட்டத்துக்கு நடுவில், உப்புக் கோட்டையை விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டியது.

ஆறு ஆட்களுக்கும் பெயர் வைக்க வேண்டும் என்றதும் அவள் யோசிக்கவேயில்லை. ஆறு அத்தைமாரும் இறங்கினார்கள். பிரார்த்தனைக்கு ஹுல்டா அத்தை, மந்திரத்துக்கு டோரா அத்தை, பூட்டுத் திறக்க செல்மா அத்தை. முன்வரிசையில் கெர்டா அத்தையும் மற்ற இருவரும்.

இனி கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து கம்ப்யூட்டரில் பிளாப்பி தட்டைச் செருகும் வாய்க்கு ஒரு சின்னக் கதவு உண்டு. ஒருவர் செத்தால், பெட்டி அதைத் தட்டில் எழுதுவதற்கு முன் சிவப்பு விளக்கு எரிந்து, தட்டு ஒரு மூச்சு நேரம் சுழலும். அந்த மூச்சுக்குள் கதவைத் தட்டித் திறந்துவிட்டால் சாவு எழுதப்படாது. பெட்டியை அணைத்துப் போட்டால் பழையபடி சத்திரத்தில் குத்துக்கல்லாக நிற்பார்கள். இந்த விளையாட்டு விளையாடுகிற எவருக்கும் இது தெரியும். ஏமாற்று என்று யாரும் நினைப்பதில்லை. தும்மல் வந்தால் கை மூக்குக்குப் போகிற மாதிரி, விளக்கு எரிந்தால் கை கதவுக்குப் போகும். லோரனுக்கும் போகும்.

எண்பத்தாறு மார்ச் மாதம் விளையாட்டு தயார். விளையாட்டுப் பெட்டிக்குள் வைக்கிற விளக்கப் புத்தகம் அச்சாகி, ஆயிரம் பிரதி என் பழைய செருப்பு அலமாரியில் அடுக்கியிருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் லோரன் ஒரு வரி போட்டிருந்தான். ‘ஆஸ்டர்லியில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா ஸ்கோக்மோ இதை முடித்துவிட்டார். உங்களாலும் முடியும்.’ வெர்னாவுக்கு அதில் சந்தோஷம். ஆறு அத்தைமாரிடமும் காட்டிவிட்டு வந்தாள்.

அப்போதுதான் ஜீன் மின்னியாபோலிஸிலிருந்து திரும்பினான். கடைக்காரர்கள் எல்லாம் ஒரே பாட்டுப் பாடுகிறார்களாம். லோரனின் முந்தைய விளையாட்டை வாங்கினவர்கள் மூன்றாம் தளம் தாண்ட முடியாமல் திருப்பிக் கொடுக்கிறார்களாம். இதில் எங்கே வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்று வை, செத்தவர்கள் சத்திரத்தில் சும்மா எழுந்துகொள்ளட்டும், அடியைப் பாதியாக்கு என்றான். பயம் போய்விட்டால் இதில் என்ன இருக்கிறது என்று லோரன் கேட்டான். பயத்தையா காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று ஜீன் கேட்டான். முடிக்க முடியும் என்பதற்கு வெர்னா சாட்சி இருக்கிறாள் என்று லோரன் அவளைக் கைகாட்டினான்.

வெர்னா பழப் பையை மென்றுகொண்டிருந்தாள். மென்று முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“கதவைத் திறந்துதான் முடிச்சேன்.”

“எத்தனை தடவை?” என்றான் ஜீன்.

“எண்ணல. ஒரு நாப்பது இருக்கும்.”

ஜீன் லோரனைப் பார்த்தான். லோரன் தாடியைப் பார்த்தான். கதவைத் தொடாமல் பத்தாம் தளத்தை அவனே கண்ணால் கண்டதில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஆக, இந்த உலகத்தில் உப்புக் கோட்டையை ஒழுங்காக முடித்த மனிதப் பிறவி ஒன்றுகூட இல்லை.

ஜீனுக்கு இது சிரிப்பாகப் போயிற்று. வெர்னாவுக்குப் போகவில்லை. அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு விளக்கப் புத்தகத்தை எடுத்து அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தாள். அவள் பெயரைப் போட்டு, ஊரைப் போட்டு, ஆயிரம் பிரதி. காதுவரை சிவந்துவிட்டது. பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளிடம் பொய் சொன்னால் இறக்கிவிடுவேன் என்று சொல்கிறவள் அவள். அந்த வரி உண்மையாக வேண்டும், இல்லையென்றால் ஆயிரத்தையும் கிழிக்க வேண்டும் என்றாள்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு பார்சல் வண்டி வந்து மூலத்தட்டை எடுத்துப் போகும், நகல் போடுகிற இடத்துக்கு. அதற்குள் வெர்னா கதவைத் தொடாமல் முடித்தால் லோரனின் சட்டம் அப்படியே நிற்கும். முடிக்காவிட்டால் ஜீன் கேட்டதெல்லாம் உள்ளே போகும், வரியும் வெட்டப்படும். இப்படிப் பேசி முடித்தார்கள். கதவின் மேல் டேப் ஒட்டி மூன்று பேரும் கையெழுத்துப் போடலாம் என்று லோரன் சொன்னான். வெர்னா ஒப்புக்கொள்ளவில்லை.

“டேப் ஒட்டினா யோக்கியம் டேப்புக்குத்தான் சேரும். எனக்கு வேண்டியது என் கை சும்மா இருக்கறது.”

கைக்கு வேலை கொடுத்தால் சும்மா இருக்கும் என்று நான் ஒரு கோப்பை காபியை அவள் வலது கையில் திணித்தேன். அதிலிருந்து அவள் இடது கையால்தான் விளையாடினாள்.

பழைய அத்தைமாரைத் தட்டிலிருந்து அழித்தாள். கதவு திறந்து பிழைத்தவர்கள் செல்லாது. புது அத்தைமார் ஒன்றும் தெரியாத பச்சைப் பிள்ளைகளாகச் சத்திரத்திலிருந்து கிளம்பினார்கள். முதல் இரண்டு நாள் முதல் தளத்தின் முதல் நான்கு அறையைத் தாண்டவில்லை. ஒரு சண்டை, மேலே ஏறி ஒரு தூக்கம், மறுபடி ஒரு சண்டை. தட்டின் கதவைத் திறந்து பிழைத்த காலத்தில் வெர்னா இப்படி விளையாடியதில்லை, தடதடவென்று இறங்குவாள். இப்போது கோட்டைக்குள் ஒவ்வொரு அறைக்கதவுக்கு முன்னும் நின்று, ஹுல்டா அத்தையிடம் எத்தனை பிரார்த்தனை மிச்சம், திரும்பி நடக்க எத்தனை வேண்டும் என்று பார்த்துத்தான் கால் வைத்தாள். பஸ்ஸில் பெட்ரோல் முள்ளைப் பார்க்கிற மாதிரி. லோரன் பின்னால் நின்று, நான் நினைத்து எழுதியது இந்த மாதிரி விளையாடுவதைத்தான் என்று முணுமுணுத்தான். ஜீன் அந்த அறைக்கே வரவில்லை. தொலைபேசியில் மில்வாக்கி கடைக்காரர்களிடம் எளிதாக்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமைக்குள் அத்தைமார் ஆறாம் தளம் வரை தேறிவிட்டார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. புதன்கிழமை ஏழாம் தளத்தில் பெரிய மண்டபத்துக்குப் பக்கம் நின்றபோது மணி இரண்டு. ஹுல்டா அத்தையிடம் ஒரே ஒரு பிரார்த்தனை பாக்கி. மேலே ஏறிப் படுத்திருக்க வேண்டும். ஏறினால் மறுநாள் மறுபடி ஏழு தளம் இறங்க வேண்டுமே, நாள் இரண்டுதானே இருக்கிறது என்று வெர்னா கணக்குப் போட்டு, இன்னும் ஒரே ஒரு கதவு பார்க்கலாம் என்றாள். இந்த விளையாட்டில் ஆட்கள் சாகிற இடமெல்லாம் அந்த ஒரே ஒரு கதவுக்குப் பின்னால்தான் என்று அவளே எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

உள்ளே ஒன்பது சதுப்புப் பாம்புகள். முன்வரிசை ஒரே சுற்றில் சாய்ந்தது. அதே சுற்றில் பின்வரிசையும். சிவப்பு விளக்கு எரிந்தது. வெர்னாவின் வலது கை, அவளைக் கேட்காமலே, கதவை நோக்கிப் பாய்ந்தது. கோப்பையோடு பாய்ந்தது. காபி மேசை முழுக்கக் கொட்டி, இத்தனை நாள் வரைந்த வரைபடங்கள் மேல் ஓடியது. விரல் கதவுக்கு ஒரு அங்குலத்தில் நின்றது. அப்படியே நின்றது. பெட்டி கரகரவென்று ஆறு சாவையும் எழுதி முடித்து, விளக்கை அணைத்தது.

நான் துணியை எடுத்து வந்து துடைத்தேன். ஏழாம் தளத்துத் தாள் மட்டும் கஞ்சியாகிவிட்டது. வெர்னா மணியைப் பார்த்தாள், மேல்கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

நான் அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். வியாழன் காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தாள். லோரனின் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. செத்தவர்கள் செத்த இடத்திலேயே கிடப்பார்கள். வேறு யாராவது இறங்கிப் போய்த் தூக்கி வந்து மேலே இருக்கும் கோயிலில் கொடுத்தால், பூசாரி எழுப்பிப் பார்ப்பார். எழுந்தாலும் எழுவார்கள், சாம்பலானாலும் ஆவார்கள். ஆனால் புதிதாய்ப் பிறந்த ஆள் ஏழாம் தளம் போவது எப்படி? இரண்டாம் தளத்து எலியே கடித்துக் கொன்றுவிடும்.

வெர்னா ராத்திரி முழுக்க ஒன்றை யோசித்திருந்தாள். சண்டை வந்தால் அடிக்கலாம், ஓடவும் செய்யலாம். ஆறு பேராக ஓடினால் பாதி நேரம் மாட்டிக்கொள்கிறோம். நடுவில் யாராவது மயங்கிக் கிடந்த நேரமெல்லாம் ஓட்டம் எளிதாக இருந்ததைக் கவனித்திருக்கிறாள். உயிரோடு நிற்கிற ஆள் குறையக் குறைய ஓட்டம் எளிது என்றால், ஒற்றை ஆளாகப் போனால்?

புது ஆள் செய்யும்போது பெட்டி பகடை உருட்டி பலம், புத்தி, வேகம் எல்லாம் கொடுக்கும். நல்ல எண் வரும்வரை அரைநாள்கூட உருட்டிக்கொண்டே இருப்பது வழக்கம். அவளுக்கு நேரமில்லை. முதல் உருட்டில் வந்ததை எடுத்துக்கொண்டாள். ஒரு திருடன். பலம் ஒன்றுமில்லை, உயிர் நான்கு புள்ளி. பெயர் கேட்டது. வாசலில் ஜீன் நின்றுகொண்டு தோற்றுப்போனதற்கு ஆறுதல் சொல்லலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஜீன் என்று தட்டினாள்.

“என் பேரையா வெச்சே?”

“ஓடறதுக்குத்தான் ஆள் வேணும். அடிக்கறதுக்கில்ல.”

ஜீன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவமானத்தைக் கிட்டே இருந்து பார்க்கலாம் என்று சொன்னான். இரண்டாம் தளத்தில் எலி வந்தது, திரையில் இருந்த ஜீன் ஓடினான். மூன்றாம் தளத்தில் ஈட்டிக்காரர்கள், ஓடினான். நான்காம் தளத்தில் ஒரு வௌவால் உரசி, உயிர் ஒரு புள்ளிக்கு வந்தது. நிஜ ஜீன் மேல்கோட்டைக் கழற்றினான். ஐந்தாம் தளத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அந்தப் பக்கம் போகாதே, சத்தம் கேட்கிறது, மெதுவாகப் போ என்று திரைக்குப் புத்தி சொன்னான். மில்வாக்கியிலிருந்து தொலைபேசி வந்தது. பிறகு கூப்பிடச் சொல் என்றான்.

ஏழாம் தளத்தில் வரைபடம் இல்லை. வெர்னா கண்ணை மூடி, வாயால் சொல்லிக்கொண்டே நடந்தாள். மூன்று அடி, இடது, கதவு, வலது, திருப்பிவிடும் மூலை வருகிறது, அதனால் இப்போது வலதென்றால் இடது. பஸ் வழியை ஒப்பிக்கிற மாதிரியே ஒப்பித்தாள். போய் நின்ற இடத்தில் ஆறு அத்தைமாரும் கிடந்தார்கள்.

ஒரு கூட்டத்தில் ஆறு பேர்தான் இருக்கலாம். ஜீன் ஒருவன் போக ஐந்து இடம். ஒருத்தியை விட வேண்டும். வெர்னா ஆறு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு பூட்டுத் திறக்க ஜீன் இருக்கிறான் என்று சொல்லி செல்மா அத்தையை விட்டாள். செல்மா அத்தைதான் அவளுக்குத் தைக்கச் சொல்லிக்கொடுத்தவள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி திரையை ஒரு தடவை தொட்டாள்.

செத்தவர்கள் ஓட்டத்துக்குக் கணக்கில் வராததால் ஏறி வருவதும் அதே ஓட்டம்தான். மேலே வந்ததும் ஜீன் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான், நான் என்னவோ ஓடி வந்த மாதிரி. கோயிலில் நான்கு பேர் எழுந்தார்கள். கெர்டா அத்தை சாம்பலானாள். சாம்பலை இன்னொரு தரம் எழுப்பிப் பார்க்கலாம். பார்த்தார்கள். ஒன்றும் இல்லாமல் போனாள்.

லோரன் இதற்குள் தன் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். ஓட்டத்தில் இப்படி ஒரு சலுகை அவன் நினைத்து வைத்ததில்லையாம், கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறானாம். இது பிழை, மூலத்தட்டு போவதற்குள் சரிசெய்துவிடுகிறேன் என்றான். எல்லாவற்றையும் எளிதாக்கச் சொன்ன ஜீன் பாய்ந்து எழுந்ததைப் பார்க்க வேண்டுமே.

“அதுல கை வெச்சே, உன் அக்காகிட்ட சொல்லிடுவேன்.”

“மச்சான், அது தப்பான கணக்கு.”

“தப்போ சரியோ, நாலு புள்ளி உயிரை வெச்சுக்கிட்டு ஏழு தளம் போய் வந்திருக்கேன். நீ போயிருக்கியா?”

லோரன் என்னைப் பார்த்தான். நான் வாடகை வாங்குகிறவள், சட்டம் சொல்கிறவள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நான்கு அத்தைமாரும் ஜீனும் இறங்கினார்கள். வழியில் அத்தைமார் அடித்ததில் ஜீனுக்கும் பங்கு கிடைத்து அவனும் கொஞ்சம் தேறினான். ஒரு மணிக்கு பத்தாம் தளம். ஒன்றரைக்கு உப்பு ராணி. சண்டை இழுத்துக்கொண்டே போனது. முன்வரிசையில் மிச்சமிருந்த இரண்டு அத்தைமாரும் சாய்ந்தார்கள். விளக்கு எரிந்தபோதெல்லாம் வெர்னாவின் கை கோப்பையை இறுக்கியதே தவிர அசையவில்லை. ஹுல்டா, டோரா, ஜீன் மூன்று பேர்தான் நிற்கிறார்கள். டோரா அத்தையிடம் மந்திரம் ஒன்றுகூட இல்லை. மணி இரண்டு பத்து.

வெர்னா எழுந்து மேல்கோட்டை எடுத்தாள்.

“இப்பவா?” என்றான் ஜீன்.

“பிள்ளைங்க வெளிய குளிர்ல நிக்கும். ராணி எங்க போயிடப் போறா, நான் அடிக்கற வரைக்கும் அவ அடிக்க முடியாது.”

அது உண்மைதான். அந்த விளையாட்டில் முறை வைத்துத்தான் அடி. நம் முறையில் நாம் தட்டாதவரை ராணி வருஷக்கணக்கில் காத்திருப்பாள். மின்சாரம் மட்டும் போகக் கூடாது. போனால் எல்லாம் போயிற்று. இங்கேதான் சிக்கல். என் அடுப்பும் அவர்கள் பெட்டியும் ஒரே ஃபியூஸில் ஓடுகின்றன. அடுப்பைப் போட்டால் பத்துக்கு இரண்டு தரம் ஃபியூஸ் போகும். அன்று மாலை சர்ச்சில் மீன் வறுவல் விருந்து, எட்டுப் பழப் பை தருவதாக நான் சொல்லியிருந்தேன். அடுப்பைப் போடாதீர்கள் என்று லோரன் கெஞ்சினான். சொன்ன வார்த்தைக்கு எட்டுப் பையும் போய்ச் சேரும் என்றேன். நான் பிடிவாதக்காரி என்று ஊரில் பேச்சு. எட்டையும் பச்சை மாவாகவே ஜீன் தலையில் ஏற்றி, எதிர்வீட்டு அடுப்புக்கு நான்கு தடவை நடக்க வைத்தேன். அவன் திரும்பி வரும்போதெல்லாம் திரை எரிகிறதா என்று கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தான். பிறகு யாரும் விசைப்பலகையைத் தொடாதபடி காவல் உட்கார்ந்தான்.

நாலே கால் மணிக்கு வெர்னா வந்தாள். கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள், பிறகு கழற்றினாள். ராணிக்கு இன்னும் கொஞ்சம்தான் உயிர் இருக்கிறது, அடித்துவிடு என்று இரண்டு ஆண்களும் சொன்னார்கள். அவர்கள் இரண்டு மணி நேரமாக அதைத்தான் பேசி முடிவு செய்திருந்தார்கள். வெர்னா பஸ்ஸில் வேறொன்றை எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். ராணி இரண்டு சுற்று வாளால் அடிக்கிறாள், மூன்றாவது சுற்றில் உப்புக் காற்று ஊதுகிறாள். கிளம்பும்போது இரண்டு முடிந்திருந்தது.

மூன்று பேரையும் கேடயத்துக்குப் பின்னால் குனியச் சொன்னாள். ஜீன் தலையில் அடித்துக்கொண்டான். உப்புக் காற்று வந்தது. குனிந்திருந்ததால் பாதி அடிதான். ஹுல்டா அத்தைக்கு ஐந்து புள்ளி மிச்சம். டோரா அத்தைக்கு இரண்டு. ஜீன் விழுந்துவிட்டான். நிஜ ஜீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அடுத்த சுற்றில் ஹுல்டா அத்தை அடித்தது படவில்லை. மந்திரம் தீர்ந்த டோரா அத்தை, வாழ்நாளில் ஒரு எலியைக்கூட அடிக்காதவள், கைத்தடியை ஓங்கி உப்பு ராணியின் மண்டையில் ஒன்று போட்டாள். ராணி பொலபொலவென்று உதிர்ந்தாள்.

ஜீனின் உடலையும் சாய்ந்த இரண்டு அத்தைமாரையும் தூக்கிக்கொண்டு, எதிரே வந்ததற்கெல்லாம் ஓடி, இரண்டு கிழவிகளும் ஏறி வந்து சத்திரத்தில் படுத்தபோது மணி நாலு ஐம்பது. லோரனின் கண் கலங்கியிருந்தது. தாடிக்குள் எதுவோ விழுந்துவிட்டது என்றான். பத்து நிமிஷத்தில் ஓட்டக் கணக்கைத் திருத்திவிடலாம் என்றும் சொன்னான்.

வெர்னா நாற்காலியைத் திருப்பினாள்.

“அந்தத் தப்பு இல்லேன்னா நான் முடிச்சிருக்க முடியாது, லோரன். அதை எடுத்துட்டு நீங்க விக்கிறது வேற விளையாட்டு. அதை நான் முடிக்கல. அப்புறம் என் பேரைப் போடக் கூடாது.”

லோரன் தட்டை உறையில் போட்டு ஒட்டினான். பார்சல்காரன் வந்து எடுத்துப் போனான். ஓட்டம் அப்படியே நின்றது. பதிவும், சாவும், அடியும் அப்படியே நின்றன. ஜீன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான்.

வெர்னாவுக்கு மட்டும் இன்னும் திருப்தி வரவில்லை. அந்தக் கடைசி வரி இப்போது பொய்யில்லை, ஆனால் முழுசாகவும் இல்லை என்றாள். அதனால் ஒரு சின்னச் சீட்டு அடித்து ஆயிரம் புத்தகத்திலும் ஒட்டுவது என்று ஆயிற்று. சனிக்கிழமை என் அடுப்படி மேசையில் நிஜ அத்தைமார் ஆறு பேரும் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்கள். சீட்டில் இருந்ததை வெர்னா எல்லோருக்கும் வாசித்தாள். ‘வெர்னா ஸ்கோக்மோ இதைக் கதவைத் திறக்காமல் முடித்தார். ஆறு அத்தைமாருடன் போனார். இருவர் தம் காலால் நடந்து வந்தனர், இருவரைத் தூக்கி வந்தனர். ஒருவர் சாம்பல். ஒருவரை ஏழாம் தளத்தில் விட்டுவிட்டு வந்தார்.’

சாம்பலானது யார் என்று கெர்டா அத்தை கேட்டாள். எல்லோரும் பசைக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“நீ வீட்டுக்கு வந்தா உனக்கு ரொட்டி கூடக் கிடையாது” என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லோரையும்விட வேகமாக ஒட்டினாள். டோரா அத்தை அன்று முழுக்க எழுந்து நடக்கும்போதெல்லாம் கைத்தடியைத் தேவைக்கு அதிகமாகவே தரையில் தட்டினாள். செல்மா அத்தை மட்டும் ஒரு சீட்டை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, ஏழாம் தளம் குளிருமா என்று கேட்டாள். வெர்னா அந்தச் சீட்டை வாங்கித் தானே ஒட்டினாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மில்வாக்கியிலிருந்து ஜீன் கூப்பிட்டான். கடைக்காரர்களிடம் அந்த ஏழு தள ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லியே எண்பது பெட்டி தள்ளிவிட்டானாம். விற்பனை விஷயம் பேச லோரன் ஃபோனை வாங்கப் போனான். அவனிடம் வேண்டாம், வெர்னாவிடம் கொடு, திரையில் இருக்கும் தன் ஆள் கோயிலில் எழுந்துவிட்டானா என்று தெரிய வேண்டும் என்றானாம்.

வெர்னா இடது கையால் தட்டிக்கொண்டே, ஃபோனைத் தோளில் இடுக்கினாள்.

“எழுந்தாச்சு, ஜீன். முதல் தடவையிலயே எழுந்துட்டீங்க. செல்மா அத்தையைக் கூட்டிட்டு வர உங்களைத்தான் அனுப்பியிருக்கேன். இப்ப அஞ்சாம் தளத்துல இருக்கீங்க, வௌவால் வருது, ஃபோனை வைங்க.”